பிழைத்தவர் சொல், தவிப்பவருக்குத் துணை



இந்த மாதப் பாடம் ஒரு புத்தகத்தைப் பற்றியது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்கின் நோய் அனுபவம், 2013-இல் வெளிவந்த ‘தி டெஸ்ட் ஆஃப் மை லைஃப்’. கிரிக்கெட் பார்க்காதவர்களும் படிக்கலாம். நோயில் விழுந்தவருக்கு, அதே வழியில் போய்வந்த இன்னொருவரின் சொல் என்ன செய்யும் என்பதுதான் நம் பாடம்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. 24 வயதில் எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தது. இது நிணநீர் மண்டலத்தில் வரும் புற்றுநோய்; இளைஞர்களுக்கும் வரும். கழுத்தில் வலியில்லாத கட்டி, இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்வை, காரணமே இல்லாமல் எடை குறைவு. ஆறு மாதத்தில் 12 முறை கீமோ. நான்காவது கீமோவுக்குப் பிறகு ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து, கிருமி தொற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாள் கிடந்தேன். ‘பிழைத்துவிடுவான்’ என்று டாக்டரால் அம்மாவிடம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு, பூச்சோங்கில் எங்கள் தேவார வகுப்பை நடத்தும் அண்ணன் இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். “படிக்கணும்னு இல்லடா. பக்கத்துல இருக்கட்டும்” என்று தலையணை ஓரம் வைத்துவிட்டுப் போனார். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று படித்தேன்.

யுவராஜுக்கு என்ன நடந்தது?

2011 உலகக் கிண்ணத்தில் அவர் 362 ஓட்டங்கள் எடுத்தார், 15 விக்கெட்டுகள் வீழ்த்தினார். தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். மார்ச் 20-இல் சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 113 ஓட்டங்கள் அடித்தார். வெயில் தாங்கவில்லை என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் புற்றுநோய்க் கட்டி. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் மூன்று சுற்று கீமோ எடுத்தார்.

அந்த நாட்களில் அவர் கையில் எடுத்ததும் இன்னொரு நோயாளியின் புத்தகம்தான். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ‘இட்ஸ் நாட் அபவுட் தி பைக்’, 2000-இல் வந்தது. ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு 1996-இல் விதைப்பைப் புற்றுநோய் இருப்பது தெரிந்தபோது, அது நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. அவருக்கும் இதே இண்டியானாபொலிஸில்தான் சிகிச்சை. யுவராஜ் இந்தப் புத்தகத்தைப் பல வருடங்களுக்கு முன்பே தொடங்கி, பாதியில் விட்டிருந்தார். நோய் வந்தபோது மீண்டும் எடுத்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட மூன்று விஷயங்கள்:

முதலாவது, பயம் தோல்வி இல்லை. வார்டுக்கு வந்த எல்லாரும் “தைரியமா இரு” என்றார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதைக் கேட்கக் கேட்க, பயப்படுவதே குற்றம் போல் இருந்தது. உலகக் கிண்ணம் வென்றவரே தன் பயத்தையும் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்லியிருப்பதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு விட முடிந்தது. நமக்கு இது புதிதும் இல்லை. திருநாவுக்கரசர் சூலை நோயில் துடித்து, தமக்கை திலகவதியாரிடம் வந்து சேர்ந்து, திருவதிகையில் பாடிய முதல் பதிகமே நோயாளியின் குரல்தான். வலியை அவர் மறைக்கவில்லை. இறைவனிடம் அப்படியே முறையிட்டார். அதனால்தான் இன்றும் நம் வீடுகளில் உடம்புக்கு முடியாதபோது அதைப் பாடுகிறோம்.

இரண்டாவது, சொன்னவரைத் தெய்வமாக்க வேண்டாம். ஊக்கமருந்து எடுத்ததற்காக ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் 2012-இல் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவரே அதை ஒப்புக்கொண்டார். வெற்றிக் கதையில் பொய் இருந்தது. புற்றுநோய் பொய் இல்லை. பட்டத்தை விட்டுவிட்டு, படுக்கையில் பட்ட பாட்டிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஊக்கம் வேறு, மருந்து வேறு. 1970-களில் டாக்டர் ஐன்ஹார்ன், சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை பரவிவிட்டால் பெரும்பாலும் உயிரை எடுத்த விதைப்பைப் புற்றுநோய், அதன் பிறகு பெரும்பாலும் குணமாகும் நோயாக மாறியது. புத்தகம் படித்ததால் யாரும் பிழைக்கவில்லை. மருந்து வேலை செய்யும்வரை தாங்கிக்கொள்ளத்தான் புத்தகம் துணை. உடம்பு இறைவன் குடியிருக்கும் கோயில் என்று திருமூலர் வழியில் படித்த நாம், அதில் ஒரு கட்டி தெரிந்தால் பரிகாரத்தோடு நிறுத்திவிடாமல் கிளினிக்கும் போக வேண்டும். கீமோ எடுப்பவருக்கு 38 பாகைக்கு மேல் காய்ச்சல் அடித்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

2012 செப்டம்பர் 11 அன்று யுவராஜ் மீண்டும் இந்திய அணிக்காக ஆட இறங்கினார். அதே சேப்பாக்கம். நியூசிலாந்துக்கு எதிராக 34 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா ஒரே ஒரு ஓட்டத்தில் தோற்றது. எனக்கு இந்தத் தோல்வி ரொம்பப் பிடிக்கும். திரும்பி வருவது என்றால் எல்லாவற்றையும் ஜெயிப்பது இல்லை. மறுபடியும் களத்தில் நிற்பது, அவ்வளவுதான்.

ஆர்ம்ஸ்ட்ராங் எழுதியது யுவராஜுக்கு வந்தது. யுவராஜ் சொன்னது எனக்கு வந்தது. என்னோடு நின்றுவிட்டால் அது கடன். அண்ணன் கொடுத்த பிரதி இப்போது கிள்ளானில் கீமோ எடுக்கும் ஒரு தம்பியிடம் இருக்கிறது. அவனிடம் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. “எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொன்னேன். “நெஜமாவா, அண்ணே?” என்று கேட்டுவிட்டு, அரை மணி நேரம் பேசினான்.

உங்கள் வகுப்பில் கலந்துபேச:

1. நோயில் இருக்கும் நண்பனைப் பார்க்கப் போனால், “தைரியமா இரு” என்பதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?
2. தவறு செய்த ஒருவரின் அனுபவத்திலிருந்து நல்லதை எடுத்துக்கொள்ளலாமா? எதுவரை?
3. உங்கள் குடும்பத்தில் பெரிய நோயிலிருந்து மீண்டவர் யார்? இந்த வாரம் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் அனுமதித்தால் எழுதி வையுங்கள். அடுத்து தவிப்பவருக்கு அது தேவைப்படும்.