புது ஹெட்போன்: முதல் பாட்டிலேயே முடிவெடுக்காதீர்கள்

காதை முழுதும் மூடும் ஹெட்போனை வாங்கியவுடன் சத்தத்தைக் கூட்டிக் கேட்டு, ‘அருமை’ என்று முடிவுகட்டுவது தவறு. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த சுருதி ஒலிகளைச் சரியாக வாங்குவதில்லை. 1933-லேயே ஆய்வாளர்கள் பிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். சத்தத்தைக் கூட்டினால் சாதாரண ஹெட்போனும் கனமாக ஒலிக்கும். ஆகவே பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவில், நன்கு பழகிய பாட்டைப் போட்டு ஒப்பிடுங்கள். நல்லூர், விருத்தாசலம் பக்கத்து வெயிலுக்கு இன்னொரு சோதனையும் அவசியம்: அரை மணி நேரம் கழற்றாமல் மாட்டியிருங்கள். செயற்கைத் தோல் மெத்தை வியர்வையில் ஒட்டினால், எவ்வளவு நல்ல ஒலியானாலும் அதைத் தொடர்ந்து பயன்படுத்த மாட்டீர்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் இதைச் செய்துவிடுங்கள்.

‘போகப் போக ஒலி தேறிவிடும்’ என்பார்கள். பெரும்பாலும் மெத்தை இளகுவதும் நம் காது பழகுவதுமே நடக்கிறது. ‘இரைச்சலைக் குறைக்கும் வசதி இருக்கிறதே, பீங்கான் பட்டறைக்குப் போதாதா?’ என்றும் அங்கே வேலை செய்பவர்கள் கேட்கலாம். மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்ற சீரான முழக்கத்தை அது நன்றாக அடக்கும். இரும்பு மோதும் திடீர்ச் சத்தத்தை அப்படி அடக்காது. அரவை இயந்திரம் ஓடும் இடத்துக்குத் தரச்சான்று பெற்ற காதுக்காப்பே வேண்டும். வீட்டில் பாட்டுக் கேட்கவும் வரம்பு உண்டு: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான்.