கேமராவும் கைப்பையும்: விமானம் ஏறுமுன் போட வேண்டிய கணக்கு

(இறுதியாண்டு மாணவர், மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு)

விமானம் என்றால் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி இல்லை. நம்மோடு டிப்ளமோ முடித்தவர்கள் துபாய்க்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கிற தம்பிமார்கூட, மாப்பிள்ளை வீட்டார் டிக்கெட் போட்டுக் கொடுத்தால், கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய் வருகிறார்கள். தோளில் தொங்குவது இரண்டு மூன்று லட்ச ரூபாய்ச் சாமான். பல பேருக்கு அது தவணையில் வாங்கியது. சோறு போடுவதும் அதுதான்.

"கேமராவைக் கையிலேயே வச்சுக்கிட்டுப் போக வேண்டியதுதானே, இதில் படிக்க என்ன இருக்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். ஒரு இடத்தில் எடை போடுவார்கள். ஒரு இடத்தில் பையைத் திறந்து பேட்டரியை எண்ணுவார்கள். இன்னொரு இடத்தில் "பை பெரிசா இருக்கு, குடுங்க, கீழே போட்டுடறோம்" என்பார்கள். கெடுபிடி மாதிரித்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் நாம் முதலாண்டில் படித்த பாடம் ஒன்று இருக்கிறது. அதை வீட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் கவுன்ட்டரில் கை நடுங்காது.

1. பெட்டியில் போட்டு அனுப்பினால் என்ன?

"சரக்கறையில் காற்றழுத்தம் இருக்காது, லென்ஸ் வெடித்துவிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. பயணிகள் ஜெட் விமானத்தில் சரக்கறையும் பயணிகள் அறையும் ஒரே அழுத்தத்தில்தான் இருக்கின்றன. கேமராவுக்கு வருகிற ஆபத்து தரையில்தான் அதிகம். பெட்டி கன்வேயர் பெல்ட்டில் விழுகிறது, மற்ற பெட்டிகள் அதன் மேல் விழுகின்றன, சில சமயம் வேறு ஊருக்கே போய்விடுகிறது.

போனால் நஷ்டஈடு கிடைக்காதா? கிடைக்கும், ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. சர்வதேசப் பயணங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி ஒரு பயணியின் சாமான்களுக்கு 2024 டிசம்பர் 28 முதல் உள்ள வரம்பு 1,519 எஸ்.டி.ஆர். எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் போட்டுப் பார்த்தால் இரண்டு லட்சத்துக்கும் குறைவாகவே வரும். அதுகூட அதிகபட்சம்தான். நஷ்டத்தை நாம் நிரூபிக்க வேண்டும். கேமரா, நகை போன்ற விலை உயர்ந்த பொருள்களைப் பெட்டியில் போடாதீர்கள் என்று பல நிறுவனங்கள் டிக்கெட் விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. எனவே கேமராவும் லென்ஸும் கைப்பையில் வருவதுதான் முறை.

2. பேட்டரி: கைப்பையில்தான் வர வேண்டும், ஏன்?

கேமராவைப் பெட்டியில் போடுவது நமக்கு நஷ்டம். உதிரி பேட்டரியைப் பெட்டியில் போடுவது விமானத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்து. இந்த வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய பிரிப்புத்தாள் இருக்கிறது. உள்ளே இருப்பது எரியக்கூடிய திரவம். பிரிப்புத்தாள் கிழிந்தாலோ, வெளி முனைகள் சாவி, காசு போன்ற உலோகத்தில் பட்டு ஷார்ட் ஆனாலோ சூடு ஏறும். ஏறிய சூடு வேதிவினையைத் தூண்டும், வினை மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு செல் வெடித்தால் பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். சரக்கறையில் தீயை அணைக்க ஹாலான் வாயு வைத்திருக்கிறார்கள். அது சுவாலையை அடக்கும். ஆனால் பேட்டரிக்குள் நடக்கிற வினையை அதனால் நிறுத்த முடியாது. வினையை நிறுத்தச் சூட்டைக் குறைக்க வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். பறக்கிற விமானத்தின் சரக்கறைக்குள் யார் போய்த் தண்ணீர் ஊற்றுவது?

2010 செப்டம்பர் 3-ல் துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தனர். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் நிறைய இருந்தன. பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் சர்வதேச அளவில் தடை வந்தது. 2017-ல் அமெரிக்க விமானத்துறை ஒரு சோதனை செய்தது. துணி அடுக்கிய பெட்டிக்குள் ஒரு லேப்டாப்பை வைத்து, அதன் பேட்டரியைச் சூடாக்கினார்கள். பக்கத்தில் தலைக்கு அடிக்கிற ஸ்பிரே டப்பா ஒன்று. ஒரு நிமிடத்துக்குள் டப்பா வெடித்தது.

கைப்பையில் இருந்தால் மட்டும் பேட்டரி வெடிக்காதா? வெடிக்கும். 2025 ஜனவரி 28-ல் தென்கொரியாவின் பூசான் நகரில், புறப்படத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானத்தில் தீப்பிடித்தது. தலைக்கு மேல் இருக்கிற சாமான் தட்டில்தான் தொடங்கியது. விமானம் தரையில் இருந்ததால் 176 பேரும் உயிர் தப்பினார்கள். விமானம் எரிந்து போனது. காரணம் ஒரு பவர் பேங்காக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதன் பிறகு அந்த நாட்டில், பவர் பேங்கை மேல் தட்டில் வைக்காதே, உன்னிடமே வைத்துக்கொள் என்று விதி போட்டார்கள். 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் நிறுவனம் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை விதித்தது.

ஆக விதியின் பொருள் இதுதான்: பேட்டரி கண்ணில் படுகிற, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். புகை வந்தால் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடலாம், தண்ணீர் ஊற்றலாம்.

3. வாட்-மணிக் கணக்கு

அளவுகோல் வாட்-மணி. சூத்திரம் நமக்குத் தெரிந்ததுதான்: வோல்ட் × ஆம்பியர்-மணி. மில்லி ஆம்பியரில் போட்டிருந்தால் 1,000-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும்.

• 100 வாட்-மணி வரை: விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை.
• 100-க்கு மேல் 160 வரை: முன் அனுமதி வேண்டும். உதிரி இரண்டுக்கு மேல் கூடாது.
• 160-க்கு மேல்: கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

சில உதாரணங்கள். சாதாரண கேமரா பேட்டரி 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 16.4 வாட்-மணி. பயமே இல்லை. வீடியோக்காரர்கள் கேமராவின் முதுகில் மாட்டுகிற பெரிய பேட்டரி 14.4 வோல்ட், 6.8 ஆம்பியர்-மணி என்றால் 97.9. வரம்புக்குள் வந்துவிடும். அதே வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி என்றால் 144. அனுமதி வாங்க வேண்டும்.

பவர் பேங்கில் மட்டும் ஒரு சூட்சுமம். மேலே எழுதியிருக்கிற 20,000 என்பது உள்ளே இருக்கிற 3.7 வோல்ட் செல்லின் அளவு. வெளியே வருகிற 5 வோல்ட்டை வைத்துப் பெருக்கினால் 100 என்று தப்பாக வரும். சரியான கணக்கு 20 × 3.7 = 74. 30,000 என்றால் 111, வரம்பைத் தாண்டிவிட்டது. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்ளலாம். உப்பிப்போன பேட்டரியை எடுத்துப் போகவே கூடாது.

ஒவ்வொரு உதிரி பேட்டரியையும் அதன் பிளாஸ்டிக் மூடியிலோ தனித்தனிச் சிறு கவரிலோ போட வேண்டும். மூடி தொலைந்துவிட்டால் முனைகளின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் போதும்.

4. எடைக் கணக்கு

நம் ஊரிலிருந்து போகிற விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை பெரும்பாலும் 7 கிலோ. டிக்கெட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளவும். கல்யாண போட்டோகிராபர் ஒருவரின் பையை எடுத்துக்கொள்வோம்.

கேமரா இரண்டு 1,300 கிராம், 24-70 லென்ஸ் 890, 70-200 லென்ஸ் 1,480, 50 லென்ஸ் 190, ஃப்ளாஷ் 450, பேட்டரி நான்கு 320, சார்ஜரும் வயர்களும் 300, லேப்டாப் 1,400, பை மட்டுமே 1,800. கூட்டினால் 8,130 கிராம். ஒரு கிலோவுக்கு மேல் அதிகம்.

லென்ஸில் கை வைக்க வேண்டாம். முதலில் பையைப் பாருங்கள். நல்ல மெத்தை வைத்த கேமரா பை கனமாகத்தான் இருக்கும். 900 கிராமில் ஒரு சாதாரண முதுகுப்பை வாங்கி, உள்ளே தடுப்பு மெத்தையை மட்டும் வைத்தால் 900 மிச்சம். சார்ஜரையும், செல்லைக் கழற்றிய ஃப்ளாஷையும் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் போட்டால் 750 மிச்சம். இப்போது 6,480. அரை கிலோ கையிருப்பு வேறு. முக்காலி, ஸ்க்ரூ டிரைவர், கத்தி வைத்த இடுக்கி எல்லாம் பெட்டிக்கே போகட்டும். லென்ஸ் துடைக்கிற திரவம் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும்.

கடைத் தராசை நம்பி வீட்டிலேயே ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

5. வாசலில் பையைக் கேட்டால்

இதுதான் எல்லாரும் தடுமாறுகிற இடம். எடை சரி, அளவு சரி, சோதனையும் முடிந்தது. விமானத்தில் ஏறப்போகும்போது "மேலே இடம் இல்லை, பையைக் கீழே போடணும்" என்கிறார்கள். அவசரத்தில் பையைக் கொடுத்துவிட்டால் நான்கு பேட்டரியும் பவர் பேங்கும் சரக்கறைக்குப் போய்விடும். எந்த விதி போட்டார்களோ அது அங்கேயே உடைகிறது.

அதனால் பேட்டரி, பவர் பேங்க், மெமரி கார்டு மூன்றையும் ஒரே சிறு பையில் போட்டு, பெரிய பையின் வாயிலேயே வையுங்கள். ஜிப்பைத் திறந்தால் பத்து விநாடியில் கையில் வர வேண்டும். "சார், இதில் லித்தியம் பேட்டரி இருக்கு, எடுத்துக்கிறேன்" என்று சொன்னால் எந்த ஊழியரும் மறுக்கமாட்டார். எடுக்கச் சொல்லி நினைவூட்ட வேண்டியது அவர் கடமையும்கூட. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், பெரிய லென்ஸைக் கையில் வைத்துக்கொள்ளக் கேட்டுப் பார்க்கலாம். பணிவாகக் கேட்டால் பாதி காரியம் நடக்கும்.

இப்படிக் கேமராவே கீழே போன காலமும் உண்டு. 2017 மார்ச்சில், துபாய், அபுதாபி, தோஹா உட்பட 10 விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் கைபேசியைவிடப் பெரிய மின்னணுச் சாதனங்களைக் கைப்பையில் கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. கேமராவும் அதில் அடக்கம். ஜூலைக்குள் விலக்கிக்கொண்டார்கள். அன்றைக்கும் உதிரி பேட்டரி கைப்பையில்தான் வந்தது.

6. எக்ஸ்ரே பயம்

டிஜிட்டல் கேமராவுக்கும் மெமரி கார்டுக்கும் சோதனை எக்ஸ்ரேயால் கெடுதல் இல்லை. நிம்மதியாகத் தட்டில் வைக்கலாம். ஃபிலிம் கதை வேறு. அதில் இருக்கிற வெள்ளி உப்புக்கு வெளிச்சமும் எக்ஸ்ரேயும் ஒன்றுதான். பட்டால் கழுவும்போது புகைமூட்டம் மாதிரித் தெரியும். பழைய வகை எந்திரத்தில் ஐ.எஸ்.ஓ. 800-க்குக் கீழுள்ள ஃபிலிம் ஓரிரு தடவை தாங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பட்டது சேர்ந்துகொண்டே போகும். புதிய சி.டி. ஸ்கேனரில் எந்த ஃபிலிமையும் விடக்கூடாது என்று கோடாக் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பெட்டியில் போடவே கூடாது. ஃபிலிமை டப்பாவிலிருந்து எடுத்துத் தெளிவான பிளாஸ்டிக் கவரில் போட்டு, கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஈயப்பை நம்பத்தக்கதல்ல. உள்ளே தெரியவில்லை என்றால் அதிகாரி மறுபடியும் எந்திரத்தில் விடுவார்.

7. போகும்போது ஒரு தாள், வரும்போது ஒரு பொறுமை

வெளிநாடு போகும்போதே நம் சுங்க அதிகாரியிடம் கேமராவைக் காட்டி, வரிசை எண்களோடு ஏற்றுமதிச் சான்று வாங்கி வைத்தால், திரும்பும்போது "இது அங்கே வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதுவே பதில். பெரிய படக்குழுவாகப் போகிறவர்களுக்கு ஏ.டி.ஏ. கார்னெட் என்ற ஆவணம் உண்டு. இந்தியாவில் அதை ஃபிக்கி அமைப்பு கொடுக்கிறது.

இறங்கியதும் படம் எடுக்கப் பறக்க வேண்டாம். ஏ.சி.யில் குளிர்ந்த லென்ஸ் சென்னைக் காற்றில் பட்டால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பது போல வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரை மணி, ஒரு மணி நேரம் விட்டால் சூடு சமமாகிவிடும்.

நினைவில் வைக்க

• கேமரா, லென்ஸ், கார்டு: கைப்பை.
• உதிரி பேட்டரி, பவர் பேங்க்: கைப்பை மட்டுமே, முனை மூடி.
• வோல்ட் × ஆம்பியர்-மணி = வாட்-மணி. வரம்பு 100.
• வீட்டிலேயே எடை.
• வாசலில் பையைக் கொடுத்தால் பேட்டரிப் பை நம் கையில்.

நம்மில் பலர் நாளை இதே கேமராவோடோ, மீட்டர், டிரில் போன்ற வேலைக் கருவிகளோடோ விமானம் ஏறுவோம். அவற்றிலும் இருப்பது இதே பேட்டரிதான். கணக்கும் இதேதான். பக்கத்து இருக்கையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும் என்பதை நினைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் விடை தப்பாது. பயணம் இனிதாகட்டும்!