மிஞ்சிய உணவும் கைபேசிச் செயலியும்

ஒரு வீட்டில் உணவு மிஞ்சுகின்றது. நான்கு வீடு தள்ளி அதனை விரும்பி ஏற்பவர் ஒருவர் இருக்கின்றார். முன்னவர் பின்னவரை அறியார். நல்ல உணவு குப்பைக்குச் செல்வதற்கு இவ்வறியாமையும் ஒரு காரணமாகும்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. தோல், எலும்பு போன்ற உண்ணாத பகுதிகளும் இதில் அடங்கும். இதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது; உணவு விடுதிகள் முதலியவற்றின் பங்கு 28, சில்லறைக் கடைகளின் பங்கு 12. குற்றமெல்லாம் கலியாண மண்டபத்தையும் ஓட்டலையுமே சாரும் என்று எண்ணியிருந்தோர்க்கு இக்கணக்குச் சற்றுச் சங்கடம் தரும். நாமும் அவ்வாறு எண்ணியிருந்தவர்களே.

இந்நிலையில், மிஞ்சியதைக் கைபேசி வழியே அண்டை வீட்டாருக்கு அறிவிக்கும் முறை தோன்றியதெவ்வாறு என்பதைக் காண்போம். இங்கிலாந்தில் பால்பண்ணைக் குடும்பமொன்றில் பிறந்த டெஸ்ஸா குக் என்னும் அம்மையார், 2014இல் சுவிட்சர்லாந்திலிருந்து தாய்நாடு திரும்ப ஆயத்தமானார். சாமான் ஏற்ற வந்தவர்கள், மீதமிருந்த உணவுப் பொருள்களை எறிந்துவிடுமாறு கூறினர். இருந்தவை சில சர்க்கரைவள்ளிக் கிழங்குகள், ஒரு முட்டைக்கோசு, கொஞ்சம் தயிர். பண்ணையின் பாடு அறிந்தவருக்கு எறிய மனம் வரவில்லை. கொடுப்பதற்குத் தெருவில் ஆள் தேடினார், கிடைக்கவில்லை.

பின்னர் அவரும் சாஷா செலஸ்டியல்-ஒன் என்னும் தோழியாரும் 2015இல் ‘ஓலியோ’ என்னும் செயலியைத் தொடங்கினர். நாம் கவனிக்க வேண்டியது, அதற்கு முன் அவர்கள் செய்த சோதனையை. அருகருகே வசித்த பன்னிருவரை ஒரு வாட்ஸப் குழுவில் சேர்த்து, மிஞ்சியதை அதில் அறிவிக்கச் செய்தனர். முதலில் கைமாறியது அரைப் பை சின்ன வெங்காயம்! பெருமுதல் தேவைப்படவில்லை, ஒருவரையொருவர் எட்டக்கூடிய பன்னிருவர் போதுமாயிருந்தது. நம் சங்கங்கள் பலவும் இத்தகைய சிறு தொகையினரைக் கொண்டு தொடங்கியவைதாமே.

செயலி நடைபெறும் விதம் எளியது. கொடுப்பவர் பொருளைப் படம் பிடித்து, இன்னது, இவ்வளவு என்று குறிப்பிடுகின்றார். அருகிலுள்ளோர் அதைக் கண்டு கேட்கின்றனர். நேரம் பேசி, ஒருவர் வந்து பெற்றுச் செல்கின்றார். உணவுக்கு விலை இல்லை. 2020 முதல் டெஸ்கோ என்னும் பெருங்கடைகளில் விற்காது நின்ற பண்டங்களையும் ஓலியோவின் தொண்டர்கள் எடுத்துச் சென்று இவ்வாறே பகிர்ந்து வந்துள்ளனர். தொண்டர்க்கு உணவுப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. எடுத்ததில் பத்தில் ஒரு பங்குவரை தமக்கென வைத்துக்கொள்ளலாம். நடந்து சென்று சுமந்து வரும் ஆள் இல்லையேல், கைபேசியில் தோன்றும் படம் யார் பசியையும் ஆற்றாது.

உறையிலுள்ள தேதியைப் படிக்கவும் கற்க வேண்டும். ‘இத்தேதிக்குள் பயன்படுத்துக’ என்பது பாதுகாப்பு பற்றியது. அதனைக் கடந்த பொருளைப் பகிரலாகாது. ‘இத்தேதிவரை சிறந்தது’ என்பது சுவையும் தரமும் பற்றியது. முறையாக வைக்கப்பட்ட பொருள் அத்தேதிக்குப் பின்னும் பெரும்பாலும் உண்ணத்தக்கதே.

சமைத்த சோறு இவற்றினும் கடினமான பொருள். அரிசியில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து கொதியிலும் அழிவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் நீங்காது. ஆதலின் உணவை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகவோ, 5 பாகைக்குக் கீழ்க் குளிராகவோ வைத்தல் வேண்டும். மதிய விருந்தின் சோற்றை அண்டாவிலேயே கிடத்தி இரவில் ஏழைகளுக்கு வழங்குவது தருமம் ஆகாது. ஏழையின் வயிறும் நம் வயிற்றைப் போன்றதே. நல்லெண்ணத்தோடு உணவு வழங்குவோருக்கென இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் தனி விதிகளை வகுத்துள்ளது. இத்தொண்டில் இறங்க எண்ணும் சங்கம் முதலில் அவற்றைப் படித்தல் நலம்.

வயலில் மிகுந்து விலை வீழ்ந்த தக்காளிக்கு இச்செயலிகள் விடையல்ல. அதற்கு வேண்டுவது கிடங்கும் விற்பனைச் சங்கமும். இரண்டையும் ஒன்றாக எண்ணி விவசாயிகளை நாம் ஏமாற்றலாகாது.

இனி, யாருடையது இந்த ஏற்பாடு என்னும் கேள்வி. டென்மார்க்கில் 2015இல் தோன்றிய ‘டூ குட் டு கோ’, கடைகளில் மிஞ்சியதைக் குறைந்த விலைக்கு விற்பித்து, விற்கும் ஒவ்வொரு பைக்கும் கட்டணம் பெறுகின்றது. அது வாணிகம்; குறை கூறுவதற்கில்லை, ஆயினும் தானமென்று மயங்கவும் வேண்டுவதில்லை. ஓலியோவும் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்த நிறுவனமே. ஜெர்மனியிலோ, 2012இல் தொடங்கிய ‘ஃபூட்ஷேரிங்’ தொண்டர்களால் பணப் புழக்கமின்றி நடத்தப்படுவது. தெருவோரத்தில் பொதுக் குளிர்ப்பெட்டிகளை வைத்து, யாரும் இடலாம், யாரும் எடுக்கலாம் என்றனர். பெர்லினில் 2016இல் அதிகாரிகள் சில பெட்டிகளை உணவு வணிகத்தோடு ஒப்பிட்டு நிபந்தனைகள் விதிக்க முற்பட்டபோது, தொண்டர்கள் எதிர்த்தனர். பெட்டியைத் துடைப்பவர் யார், கெட்டதை அகற்றுபவர் யார் என்று அதிகாரிகள் கேட்டது நியாயமான கேள்வி என்றே நாம் கருதுகின்றோம்.

நிறுவனம் ஒருநாள் கதவடைத்தால், அதன் வழியே அறிமுகமான அண்டை வீட்டார் மறுபடியும் அந்நியராவர். சங்கத்திடமோ அங்கத்தினர் பதிவேடு இருக்கின்றது. இன்னார் இன்ன தெருவில் இருக்கின்றார் என்பது காரியதரிசிக்குத் தெரியும். பன்னிரண்டு வீடுகளைக் கொண்ட ஒரு குழுவை இம்மாதமே தொடங்கலாம். முதல் வாரத்தில் சமைத்த உணவை விலக்கி, காய்கறி, பழம், உறை பிரிக்காத மளிகைப் பொருள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.