நோய்க் காலத்தில் லயத்து வாசல்



கொள்ளைநோய் மனிதரை இரண்டு விதமாக வருத்துகிறது. காய்ச்சலும் இருமலுமாக உடலை வருத்துவது ஒன்று. அயலவரைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் மனமாக வருவது மற்றொன்று. முதலாவதற்கு வைத்தியரும் மருந்தும் உண்டு. இரண்டாவதற்கு நம் வாசலிலேயே நாம் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. அதைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டபோதும் தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர்ந்தது. மலையில் கொழுந்து எடுக்கையில் ஆளுக்கு ஆள் தள்ளி நிற்கலாம். மாலையில் லயத்துக்குத் திரும்பினால் எங்கே தள்ளி நிற்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, நீண்டு கிடக்கும் ஒரே கூரை, எல்லாருக்கும் ஒரே பீலித் தண்ணீர். ஒரு வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டால், அந்த வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவ்வாண்டுப் பெரிய வாரத்தில் கோவில்கள் பூட்டிக் கிடந்தன. பாஸ்கா பூசையையும் தொலைக்காட்சியில்தான் கண்டோம்.

திருச்சபைக்கு இது புதிய சோதனையன்று. 1576இல் இத்தாலியின் மிலான் நகரைக் கொள்ளைநோய் பிடித்தது. மக்கள் வீடுகளில் அடைபட்டுக் கிடந்தனர். அந்நகரின் பேராயரான புனித சார்ள்ஸ் பொரோமியு என்ன செய்தார் தெரியுமா? தெருக்கள் கூடும் சந்திகளில் பீடங்களை அமைத்து, அங்கே பூசை நடக்கச் செய்தார். மக்கள் தத்தம் சன்னலில் நின்றபடியே அதில் பங்குகொண்டனர். கூட்டம் கூடாமலே அவர்கள் ஒரே சபையாக இருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் ஓபராமர்காவ் என்றொரு மலைக்கிராமம் உண்டு. 1633இல் கொள்ளைநோய் வாட்டியபோது, தங்களைக் காத்தால் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று ஊரார் நேர்ந்துகொண்டனர். 1634இல் முதல் நாடகம் நடந்தது. இன்றளவும் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. நடிப்போர் தொழில்முறைக் கலைஞர் அல்லர். அவ்வூரில் பிறந்தவர், அல்லது இருபது ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர் மட்டுமே மேடை ஏறலாம். 2020ஆம் ஆண்டு நாடகத்துக்காக 2019 திருநீற்றுப் புதன் முதல் ஆண்கள் தலைமுடியும் தாடியும் வளர்த்து வந்தார்கள். கொரோனா வந்து நாடகம் 2022க்குத் தள்ளிப் போனது; வளர்த்த முடியை வெட்ட வேண்டியதாயிற்று! கொள்ளைநோயால் பிறந்த நாடகத்தைக் கொள்ளைநோயே ஒத்திவைத்தது. ஆயினும் ஊரார் நேர்ச்சையைக் கைவிடவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது கண்டி நகரிலேயே 1697இல் வைசூரி பரவியது. நோயாளரைக் கைவிட்டுப் பலர் ஓடியபோது, புனித யோசேப் வாஸ் அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று கழுவினார், உணவூட்டினார், இறந்தோரை அடக்கம் செய்தார். அவர் படம் வரையவில்லை, நாடகம் போடவில்லை. பிறர் மூடிய கதவைத் திறந்தார். ஆகவே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடைபட்ட வீட்டுக்கு அரிசியும் மாவும் கொண்டு போய்க் கொடுக்காமல், அதன் எதிரே கோலம் மட்டும் போடுவது பரிகாசமாகும். முதலில் உணவு, பிறகு கோலம்.

மற்றொரு கொள்ளைநோய் வருமானால், அக்கரப்பத்தனைப் பக்கத்து லயமொன்றில் இதை எப்படிச் செய்யலாம்? இங்கே மூடுபனியும் தூறலும் அதிகம். முற்றத்துக் கோலம் ஒரு மணி நேரமும் நிற்காது. எனவே கூரைக்கடியில், இஸ்தோப்பிலே செய்யுங்கள். சுண்ணாம்புக் கட்டியும் அடுப்புக் கரியும் போதும். லயத்தின் முதல் வீட்டார் ஒரு கொடியை வரையத் தொடங்கட்டும். அடுத்த வீட்டார் தங்கள் வாசலுக்குள் நின்றே அதைத் தொடரட்டும். இவ்வாறு கடைசி வீடு வரை ஒரே கொடி ஓடும். சுண்ணாம்புக் கட்டி கைமாற வேண்டாம், வீட்டுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். நத்தாருக்கு நட்சத்திரக் கூடு கட்டத் தெரிந்த பிள்ளைகள் எல்லா லயத்திலும் இருக்கிறார்கள். மூங்கிலும் பட்டத் தாளும் கொண்டு வீட்டுக்கொரு கூடு கட்டி, செபமாலை நேரத்தில் விளக்கேற்றினால் எதிர் மலையில் இருப்பவருக்கும் அது தெரியும்.

நோய் கண்ட வீட்டின் முன் கொடி அறுந்துவிடக் கூடாது. இதுவே முக்கியம். அவர்களால் முடிந்தால் உள்ளிருந்து அவர்களே வரைவார்கள். முடியாவிட்டால், அவர்களிடம் குரல் கொடுத்துக் கேட்டு, முகத்தை மூடிக்கொண்டு, எட்ட நின்று அயலவர் வரையட்டும். "என்ன பூ வேணும் அக்கா?" என்று வெளியிலிருந்து கேட்பதே பாதி மருந்து.

2020இல் சென்னையின் வீதிகளில் கொரோனாக் கிருமியைப் பெரிய பூதமாக வரைந்தார்கள். பொலிஸார் கிருமி வடிவில் தலைக்கவசம் அணிந்தும் நின்றார்கள். வெளியே திரிவோரை எச்சரிக்க அது உதவியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே பயந்து உள்ளே கிடப்பவருக்குப் பூதம் வேண்டாம், பூ வேண்டும் என்பதே எமது எண்ணம்.

லயத்தில் நம்மவர் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டார் வேப்பிலை வரைவார்களானால் வரையட்டும். உங்கள் சிலுவையும் அதே கொடியில் பூக்கட்டும். மாசி மாதத்தில் காமன் கூத்துக்காகத் தோட்டம் முழுவதும் ஒன்றாகத் திரளுவது மலையகத்தாருக்குப் பழகிய காரியம்தானே.

சுவரில் வர்ணம் பூச எண்ணினால் முதலில் தோட்டத் துரையிடம் அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு வீடு செய்தி சொல்ல ஒருவரை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி வைத்திருக்கும் இளைஞர் ஒருவராக இருப்பது நல்லது.