கடைக் கணனிக்கு ஒரு தரகர் தேவையா?

கணனி, மென்பொருள் என்றதும் இது பிள்ளைகளின் விடயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்தவன்தான். ஆனால் மென்பொருளில் இருந்த ஒரு பிழையால் நல்லதொரு பிள்ளையைக் கள்வன் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பிழை உங்கள் கடையிலும் நடக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் வியாபாரம். அந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பிரதான புடவைக் கடை காத்தான்குடியில், கிளை ஏறாவூரில். கிளையில் ஒரு சிட்டை போட்டால் அது இணையம் வழியாகப் பிரதான கடைக் கணனிக்கு வந்து பதிவாகி, "பதிந்தாயிற்று" என்ற பதில் திரும்பிப் போக வேண்டும். அதுவரை கிளையின் திரை அசையாது. கடைக்கு ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் இணைப்பு அடிக்கடி அறுந்தது. சனம் வரிசையில் நிற்க, காசாளர் தம்பி மீண்டும் பொத்தானை அழுத்துவார்.

பெருநாள் முடிந்து கணக்குப் பார்த்தால் கிளையில் 18,450 ரூபா குறைந்தது. காசாளர் தம்பியைக் கூப்பிட்டு, சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொன்னேன். "முதலாளி, நான் எடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை.

மென்பொருள் துறையில் வேலை செய்யும் என் சகோதரியின் மகன் விடுமுறையில் வந்து கணக்கைத் திறந்து பார்த்தார். "மாமா, ஒரே சிட்டை பல இடத்தில் இரண்டு தடவை பதிந்திருக்கிறது. முதல் தடவையே இங்கு பதிந்துவிட்டது. பதில் மட்டும் போகும் வழியில் அறுந்துவிட்டது" என்றார். கூட்டிப் பார்த்தோம். சரியாக 18,450 ரூபா. அன்று மாலையே அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, வேலைக்கு அழைத்து வந்தேன்.

காத்து நிற்பதும் கொடுத்துவிட்டுப் போவதும்

மருமகன் விளங்கப்படுத்திய விதம் இது. மட்டக்களப்பு வாவியில் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே 'பாதை' ஓடுகிறதல்லவா? அக்கரைக்குப் பொதி கொடுக்க வேண்டும். பாதை வரும்வரை துறையிலேயே நின்று, கொடுத்து, பதில் வாங்கிக்கொண்டுதான் கடைக்குத் திரும்புவேன் என்றால் அன்றைய வியாபாரம் போய்விடும். துறையில் நம்பிக்கையான ஒருவரிடம் பொதியைக் கொடுத்துவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கலாம். பாதை வந்ததும் அவர் அனுப்புவார்.

கணனியில் அந்த நம்பிக்கையான ஆளுக்கு 'மெசேஜ் புரோக்கர்' என்று பெயர். நமது மொழியில் செய்தித் தரகர். "சிட்டை போடப்பட்டது", "சரக்கு வந்தது" என்று ஒவ்வொரு நிகழ்வையும் வாங்கி வைத்து, உரிய இடத்துக்குச் சேர்ப்பதே அதன் தொழில்.

இந்த யோசனை பங்குச் சந்தையில் வளர்ந்தது. மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே 1980களில் உருவாக்கிய மென்பொருள்தான் அமெரிக்க நிதி நிறுவனங்களுக்குள் விலைத் தகவல்களை இவ்விதம் பகிர்ந்தளித்தது. அன்று அது பெரும் பணக்காரர்களுக்கான பொருள். இன்றோ இதே வேலைக்குத் திறந்த மூல மென்பொருள்கள் உள்ளன. அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். அனுமதிக் கட்டணம் இல்லை.

நம் நாடும் இதில் சளைத்ததல்ல. சஞ்சீவ வீரவர்ண உள்ளிட்டோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் திறந்த மூலக் கருவிகளை இலங்கையில் செய்து உலகுக்குக் கொடுத்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணப் பணிக்காக இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா'வும் திறந்த மூல மென்பொருளே.

நான்கு தரகர்கள்

ரபிட்எம்கியூ: 2007இல் வந்தது. தபால்காரரைப் போன்றது. செய்தியை உரியவரிடம் கொடுத்து, "கிடைத்தது" என்ற ஒப்புதல் வந்ததும் தன் வரிசையிலிருந்து நீக்கிவிடும். ஒப்புதல் வராவிட்டால் மீண்டும் கொடுக்கும். சாதாரண கணனியிலும் ஓடும். இரண்டு மூன்று கிளை உள்ளவர்களுக்கு இதுவே போதும்.

காஃப்கா: லிங்க்டின் நிறுவனம் உருவாக்கி 2011இல் திறந்துவிட்டது. இது தபால்காரர் அல்ல, நாளேடு. எழுதியதை யாரும் வாசித்தார்கள் என்பதற்காகக் கிழிப்பதில்லை. நாம் குறித்த காலம்வரை வைத்திருக்கும். நாம் ஒன்றும் குறிக்காவிட்டால் ஏழு நாள். கணக்காளர், களஞ்சியக்காரர், முதலாளி மூவரும் ஒரே ஏட்டைத் தத்தம் வேகத்தில் வாசிக்கலாம். பல இலட்சம் நிகழ்வுகள் வரும் வங்கிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் ஏற்றது. பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஒரு புடவைக் கடைக்கு இது முட்டை வாங்கப் பத்துச் சக்கர லொறி பிடிப்பது போன்றது.

ரெடிஸ்: 2009இல் வந்தது. செய்திகளை நினைவகத்தில் வைப்பதால் மிக வேகம். ஆனால் கரும்பலகையில் சோக்கால் எழுதுவது போன்றது. வட்டிலும் எழுதும்படி சரியாக அமைக்காவிட்டால், மின்சாரம் போனால் எழுத்தும் போகலாம். இன்னொன்று, 2024இல் இதன் உரிம நிபந்தனை மாற்றப்பட்டது. அதை விரும்பாதவர்கள் 'வால்கி' என்று தனியே பிரிந்தார்கள். 2025இல் ரெடிஸ் மீண்டும் ஒரு திறந்த மூல உரிமத்தையும் சேர்த்தது. இலவசப் பொருளிலும் பத்திரத்தை வாசிக்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

மொஸ்கீட்டோ: எம்கியூடிடி என்னும் செய்தி முறையில் இயங்கும் சிறு தரகர். அம்முறை 1999இல், செய்மதி வழியே எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவானது. மெலிந்த இணைப்பிலும் வேலை செய்யும். மீன், ஐஸ்கிரீம் வியாபாரிகள் குளிரறையின் வெப்பநிலையைத் தூரத்திலிருந்து அறிய இது பொருத்தம்.

தரகர் வந்தால் எல்லாம் சரியா?

இல்லை. மருமகன் அழுத்திச் சொன்னது இதுதான். ஒப்புதல் வழியில் தொலைந்தால் ரபிட்எம்கியூவும் அதே செய்தியை இரண்டாம் தடவை கொடுக்கும். ஆகவே ஒவ்வொரு சிட்டைக்கும் கிளையிலேயே தனி இலக்கம் இடப்பட வேண்டும். அந்த இலக்கம் ஏற்கனவே பதிந்திருந்தால் பிரதான கணனி இரண்டாவதை ஒதுக்க வேண்டும். எங்கள் கணக்கைக் காப்பாற்றியது தரகரை விட அந்த இலக்கமே. அடுத்தது, தரகர் பிரதான கடையில் மட்டும் இருந்தால் இணைப்பு அறுந்த நேரம் கிளைக்குப் பயனில்லை. எனவே கிளைக் கணனியிலும் ஒன்றை வைத்து, இணைப்பு வந்ததும் செய்திகள் தாமாக இங்கு வரும்படி செய்தோம்.

உங்கள் மென்பொருள்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இணைப்பு இல்லாதபோது சிட்டை போடலாமா? மின்சாரம் திடீரெனப் போனால், அனுப்பாத சிட்டைகள் வட்டில் இருக்குமா? ஒரே சிட்டை இரண்டு தடவை வந்தால் என்ன நடக்கும்? நீங்கள் இல்லாத நாளில் இதைப் பார்க்க யார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால், இலவச மென்பொருளே மிக விலை கூடிய மென்பொருளாகிவிடும்.

ஒரே கடை, ஒரே கணனி வைத்திருப்பவருக்குத் தரகர் எதுவும் தேவையில்லை. அந்தச் செலவை மின்கலத்துக்கும் கணக்கின் பிரதிக்கும் செய்யுங்கள்.

கணனி காட்டும் தொகை கணக்குத்தான், சாட்சி அல்ல. காசு குறைந்தால் முதலில் சிட்டை இலக்கங்களைப் பாருங்கள். ஆளைப் பார்ப்பது அதற்குப் பிறகு.