தொகையும் விரியும்: கணினியில் தரவுச் சுருக்கம்

தமிழிலக்கணம் பயின்றோர்க்குத் தொகை, விரி என்னும் இரு சொற்களும் புதியன அல்ல. 'பொற்குடம்' என்பதைப் 'பொன்னாலாகிய குடம்' என்றும், 'தேர்ப்பாகன்' என்பதைத் 'தேரை ஓட்டும் பாகன்' என்றும் விரிப்பது இளங்கலை முதலாண்டு மாணவரும் செய்வதே. உருபும் பயனும் மறைந்து நிற்க, கேட்போர் தம் மொழியறிவால் அவற்றை வருவித்துக் கொள்கின்றனர். நூலுக்குரிய பத்து அழகுகளை எண்ணப் புகுந்த நன்னூலாரும் சொற்சுருக்கத்தையே முதற்கண் வைத்தார். ஆயினும் 'சொல்லிலக்கணம்' போன்ற ஒரு தொகையைச் சொல்லினது இலக்கணம், சொல்லுக்கு இலக்கணம், சொல்லின்கண் இலக்கணம் எனப் பலவாறு விரிக்க இடமுண்டு. சுருக்குங்கால் எதை விட்டோம், விட்டதை மீளப் பெற இயலுமா என்னும் இவ்வினாவே கணினி அறிஞர்க்கும் உரியது. அவர்கள் இத்துறையைத் தரவுச் சுருக்கம் என வழங்குவர்.

இத்துறை பொறியியற் கல்லூரிகளுக்கே உரியது என நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். பழைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் குடும்ப ஆவணங்களையும் ஸ்கேன் செய்து காக்கும் பணி பரவலாக நடைபெறும் இந்நாளில், அவ்வெண்ணம் நமக்கு இழப்பையே தரும். எந்தச் சுருக்கம் மூலத்தை அப்படியே மீட்டுத் தரும், எது தராது என்பதை அறியாமல் சுவடியைக் காக்கப் புகுவது, மெய்ப்புத் திருத்தாமல் நூலை அச்சேற்றுவதை ஒக்கும்.

எழுத்தெண்ணும் கலை

சுருக்கத்தின் அடிப்படை எளியது. அடிக்கடி வருவதற்குச் சிறு குறியையும், அருகி வருவதற்கு நீண்ட குறியையும் அளித்தால் மொத்தம் குறையும். தந்திக் குறிகளை வகுத்தோர் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'இ' என்னும் எழுத்துக்கு ஒரே புள்ளியைத் தந்தனர். அரிதாக வரும் 'க்யூ'வுக்கு நான்கு குறிகளைத் தந்தனர். கையச்சுக் காலத்தில் அச்சுக்கோப்பவர்கள் மிகுதியாக வேண்டப்படும் எழுத்துகளைக் கைக்கு எளிதில் எட்டும் அறைகளில் வைத்ததும் இவ்வறிவினாலேயே.

எழுத்துகளை எண்ணிப் பயன்கொள்ளும் முறையை எழுதிவைத்தோருள் காலத்தால் முந்தியவர் 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி. மறைகுறியில் எழுதப்பட்ட செய்தியைப் படிக்க வேண்டின், அதே மொழியில் அமைந்த தெளிவான பனுவலொன்றில் எழுத்துகளின் வருகையை எண்ணி, மறைச்செய்தியில் வரும் குறிகளையும் எண்ணி, இரண்டையும் ஒப்பிடுக என்றார் அவர். கணினி வழிமுறையைக் குறிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லும் அதே நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து வந்ததே. அல்கிந்தி கருதியது மறைகுறியை உடைப்பதே. சுருக்கம் அவர் நோக்கமன்று. எல்லாவற்றையும் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என மேடைதோறும் முழங்குவார் உளர். அம்முழக்கம் ஈண்டு வேண்டா. அவர் கண்டது கண்டதே, அதுவே பெரிது.

1948ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன், ஒரு செய்தியில் உள்ள தகவலின் அளவைக் கணிதத்தால் வரையறுத்தார். எவ்வளவுக்கு ஊகித்தற்கு எளிதோ அவ்வளவுக்கு அச்செய்தியில் தகவல் குறைவு. 'வந்தா' என்பதன்பின் வரக்கூடிய எழுத்துகள் சிலவே என்பதை நாம் அறிவோம். அந்த முன்னறிவே சுருக்கத்துக்குரிய இடம். அவ்வெல்லைக்குக் கீழே இழப்பின்றிச் சுருக்குதல் இயலாது என்பதையும் அவரே நிறுவினார்.

அவ்வெல்லையை நெருங்கும் குறிகளை எவ்வாறு அமைப்பது? 1951இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ, இறுதித் தேர்வு எழுதலாம், அல்லது இச்சிக்கலைத் தீர்த்துக் கட்டுரை தரலாம் எனத் தம் மாணவரிடம் கூறினார். தாமும் ஷானனும் முயன்று முழுமையான விடை காணாத சிக்கல் அது என்பதை அவர் வெளியிடவில்லை. டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் கட்டுரையைத் தெரிந்துகொண்டு, கைவிடும் நிலைக்கு வந்தபின் விடை கண்டார். ஃபானோ மேலிருந்து கீழாகப் பகுத்தார். ஹஃப்மன் கீழிருந்து மேலாகச் சேர்த்தார். வேறுபாடு அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு செய்தியில் 'க' நான்கு முறையும், 'ம' இருமுறையும், 'த', 'ப' ஆகியன ஒவ்வொரு முறையும் வருவதாகக் கொள்க. நான்கு எழுத்துகளுக்கும் சமமாக இரண்டு பிட் தந்தால் 16 பிட் ஆகும். ஹஃப்மன் முறையில், மிகக் குறைவாக வரும் த, ப இரண்டையும் முதலில் ஒரு கிளையாகச் சேர்க்க வேண்டும். அக்கிளையை 'ம'வோடும், அதனைக் 'க'வோடும் சேர்க்க, ஒரு மரம் உருவாகும். கிளை பிரியும் இடந்தோறும் ஒருபுறம் 0, மறுபுறம் 1 என இட்டால், க = 0, ம = 10, த = 110, ப = 111 என அமையும். கூட்டினால் 14 பிட். எந்தக் குறியும் மற்றொன்றின் தொடக்கமாக அமையவில்லை என்பதை நோக்குக. அதனாலேயே இடைவெளியோ நிறுத்தக்குறியோ இன்றி எழுதினும் ஐயமின்றிப் பிரித்துப் படிக்கலாம். 'சொல்லிலக்கணம்' என்னும் தொகைக்கு நேர்ந்த மயக்கம் இதற்கு நேராது.

முன் வந்ததைச் சுட்டுதல்

எழுத்தை மட்டும் எண்ணுவது போதாது எனக் கண்டவர்கள் இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் ஆகியோர். 1977, 1978 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் வெளியிட்ட இரு கட்டுரைகள் இத்துறையின் போக்கை மாற்றின. முன்னரே வந்த தொடர் மீண்டும் வருமாயின், அதை மறுபடி எழுதாமல், 'இத்தனை இடம் பின்சென்று இத்தனை குறி எடுத்துக்கொள்' எனச் சுட்டினால் போதும் என்பதே 1977ஆம் ஆண்டுக் கட்டுரையின் கருத்து.

'படித்தான் படித்தாள் படித்தார்' என்பதைக் காண்க. கணினி கொள்ளும் கணக்கில் 'படித்தான்' ஒன்பது குறிகள், இடைவெளியோடு பத்து. இரண்டாம் சொல்லின் தொடக்கத்தில் நின்று பத்துக் குறிகள் பின்சென்று ஏழு குறிகளை எடுத்தால் 'படித்தா' கிடைத்துவிடும்; ளகரத்தை மட்டும் புதிதாக எழுத வேண்டும். அடுத்து, மீண்டும் பத்துக் குறிகள் பின்சென்றால் மெய்ப்புள்ளி, இடைவெளி, 'படித்தா' என ஒன்பது குறிகள் ஒருங்கே கிட்டும். பகுதி, விகுதி, இடைநிலை எனப் பகுபத உறுப்புகள் திரும்பத் திரும்ப வரும் தமிழுக்கு இம்முறை நன்கு பொருந்துகிறது.

அமெரிக்கரான ஃபில் கட்ஸ் இவ்விரு நெறிகளையும், அஃதாவது பின்சுட்டலையும் ஹஃப்மன் மரத்தையும், இணைத்து 'டிஃப்ளேட்' என்னும் முறையை அமைத்தார். 1989இல் அவர் வெளியிட்ட மென்பொருளோடு தோன்றிய ஜிப் கோப்பு வடிவத்தின் இலக்கணத்தைப் பொதுவில் வைத்தார். பரவியதற்கு அதுவே காரணம். மாறாக, ஜிஃப் படங்களில் பயன்பட்ட 1984ஆம் ஆண்டு முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. அதற்குக் கட்டணம் வேண்டுமென 1994 இறுதியில் அறிவிக்கப்பட்டதும் நிரலாளர் பலர் வெகுண்டனர். டிஃப்ளேட் முறையைக் கொண்டு பிஎன்ஜி என்னும் புதிய பட வடிவத்தை ஆக்கினர். அமெரிக்காவில் அக்காப்புரிமை 2003இல் முடிவுற்றது. அறிவைப் பூட்டிவைத்தவர் பெற்றதைவிடத் திறந்துவைத்தவர் முறையே இன்று எங்கும் வழங்குகிறது. வேர்டு மென்பொருள் 2007 முதல் கையாளும் ஆவண வடிவமும் உள்ளே ஒரு ஜிப் பொதியே. எனவே அத்தகைய கோப்பை மீண்டும் ஜிப் செய்து 'குறையவில்லையே' என வருந்துவதில் பயனில்லை.

சுருக்கியதைச் சுருக்க முடியாமைக்குக் கணிதக் காரணமும் உண்டு. பத்து பிட் கொண்ட கோப்புகள் 1,024 இருக்கலாம். அதனினும் குறுகிய கோப்புகள், வெறுங்கோப்பையும் சேர்த்து, 1,023 மட்டுமே. 1,024 பேரை 1,023 இருக்கைகளில் ஒருவர்க்கு ஒன்றாக அமர்த்த இயலாது. எந்தக் கோப்பையும் பாதியாக்குவோம் என விளம்பரம் செய்யும் மென்பொருளை நம்பற்க.

தமிழின் எடை

ஒருங்குறியில் எழுதிய தமிழ், யூடிஎஃப்-8 என்னும் வழக்கமான வடிவில், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு கொள்கிறது. 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாய்ப் பதினைந்து பைட்டு ஆகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே. இது தமிழுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்னும் குரல் நெடுநாள் ஒலித்தது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியோடு டேஸ் 16 என்னும் பதினாறு பிட் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டதன் பின்னணியில் இத்தகைய வாதங்களும் இருந்தன.

எம் கருத்தில் எடை பற்றிய அச்சம் மிகை. அம்மூன்று பைட்டுகளில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இவை ஊகித்தற்கு மிக எளியன ஆதலின் சுருக்கும் மென்பொருள் அவற்றைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. டிஃப்ளேட் முறை பின்னோக்கிப் பார்க்கக் கூடிய தொலைவு 32,768 பைட்டு. ஆங்கிலத்தில் அது ஏறத்தாழ அத்தனை எழுத்து. தமிழில் ஏறத்தாழ 11,000 குறிகளே. நீண்ட காப்பியமொன்றில் முந்தைய படலத்தில் வந்த தொடர் அதன் நினைவுக்கு எட்டாது. 1999 முதல் இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளின் எல்இஸட்எம்ஏ முறை மிகப் பெரிய தொலைவைப் பார்க்க வல்லது. பெரிய தமிழ்ப் பனுவல்களுக்கு அதனையே பரிந்துரைப்போம்.

இழப்பும் அதன் இடரும்

இதுவரை கூறியவை இழப்பிலாச் சுருக்கம். ஒளிப்படத்துக்கும் ஒலிக்கும் வேறு நெறி உண்டு. கண்ணுக்கும் செவிக்கும் புலப்படாதவற்றை நீக்கிவிடும் அதனை இழப்புச் சுருக்கம் என்பர். 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் படம் இவ்வகையினது. திருத்திச் சேமிக்குந்தோறும் அது மேலும் சிறிது இழக்கும். திருமணப் படத்துக்கு இதனால் கேடில்லை. எழுத்துக்கு உண்டு.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல் ஒரு செய்தியை வெளியிட்டார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் கருவியொன்றில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில், ஓர் அறையின் பரப்பு 21.11 என்றிருந்த இடத்தில் 14.13 என அச்சாகியிருந்தது. மங்கலோ சிதைவோ இல்லை. தெளிவாக, திருத்தமாக, தவறாக இருந்தது. கருவி கையாண்ட ஜேபிக் 2 என்னும் முறை, பக்கத்தில் ஒத்த வடிவுடைய துண்டுகளைக் கண்டால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பிற இடங்களில் அதனையே ஒட்டும். சற்றே வேறுபட்டவற்றையும் ஒன்றெனக் கொண்டதன் விளைவு அது. 6 என்னும் இலக்கம் 8 ஆன படிகளும் காட்டப்பட்டன. நிறுவனம் திருத்தமென்பொருள் வெளியிட்டது. மூலத்தை அழித்துவிட்டுப் படியை மட்டும் காக்கும் பணிக்கு இம்முறை ஆகாதென ஜெர்மன் அரசின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2015இல் விலக்கியது.

தமிழ் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்க வேண்டும். ககரத்துக்கும் ககர மெய்க்கும் வேறுபாடு ஒரு புள்ளி. சுவடிகளில் புள்ளியிடாமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாமறிந்ததே. நம் இல்லங்களில் இருக்கும் அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல்களின் நிலை இன்னும் நுட்பமானது. பே, தே, ஸே ஆகிய எழுத்துகளைப் பிரிப்பவை புள்ளிகளே. தமிழ் ஒலிகளுக்கென அமைத்த எழுத்துகளும் அரபெழுத்தின்மீது புள்ளி கூட்டி ஆக்கப்பட்டவை. ஒத்த வடிவங்களை ஒன்றாக்கும் கருவியிடம் அவற்றைக் கொடுத்தால், வரும் படி அழகாகவே இருக்கும். பாடம் மாறியதை மூலமின்றி எவரும் அறியார். வக்ஃபுப் பத்திரங்களில் உள்ள அளவெண்களுக்கும் இதே இடர் உண்டு.

ஆதலின் ஸ்கேன் செய்யுங்கால் முதற்படியை இழப்பிலாச் சுருக்கம் கொண்ட டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் காக்க வேண்டும். படிப்பதற்குரிய சிறு படியை அதிலிருந்து ஆக்கிக் கொள்ளலாம். வாட்ஸ்அப் வழியே அனுப்புவோர் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் சேரும். ஜிப் பொதி ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்னும் சரிபார்ப்பெண்ணைத் தாங்கியுள்ளது; பொதியைச் சோதிக்கும் கட்டளையை இயக்கினால் சிதைவு நேர்ந்ததா எனத் தெரியும். மூலத்தை எக்காரணம் கொண்டும் பழைய தாள் கடைக்குப் போடற்க.

ஆய்வு மாணவர்க்கு

சுருக்க முறைகளை ஒப்பிட ஆய்வாளர் பயன்படுத்தும் தொகுதிகளுள் கால்கரி, கான்டர்பரி என்பன பெயர்பெற்றவை. கால்கரித் தொகுதியில் தாமஸ் ஹார்டியின் ஆங்கிலப் புதினம் உண்டு. இரண்டிலும் ஒரு தமிழ்ப் பக்கமும் இல்லை. 2006இல் நிறுவப்பட்ட ஹட்டர் பரிசும் ஆங்கில விக்கிப்பீடியாவின் ஒரு பகுதியைச் சுருக்குவோர்க்கே உரியது. தமிழுக்கென ஒரு தொகுதியைத் தமிழ்த்துறையார்தாம் அமைக்க வேண்டும். காலம், நடை, யாப்பு எனப் பகுத்து எடுக்கும் அறிவு நம்மிடமே உள்ளது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உமறுப்புலவரின் சீறாப்புராணம் உள்ளிட்ட நூல்கள் மின்பனுவலாகக் கிடைக்கின்றன. பைத்தான் மொழியில் டிஃப்ளேட், எல்இஸட்எம்ஏ ஆகிய இரண்டையும் இயக்கும் நிரல்கள் உடன்வருகின்றன. ஒரு படலத்தை எடுத்து, சந்தி பிரிக்காத படியொன்றும் பிரித்த படியொன்றும் ஆயத்தம் செய்து, இரண்டையும் சுருக்கி அளந்து பார்க்கலாம். பிரித்த படியில் இடைவெளிகள் மிகும். ஆனால் சொற்கள் திரிபின்றி ஒரே வடிவில் திரும்பி வரும். எது மிகுதியாகச் சுருங்கும்? கணினியறிவு சிறிதே உள்ள மாணவர் ஒருவர் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கக் கூடிய சோதனை இது; சந்தி பிரிப்பதற்குத்தான் ஒரு கிழமை ஆகும்.