ஜாடியைக் கவிழ்த்துப் பார்ப்பது எப்படி?

பழைய பூஜாடி ஒன்று கைக்கு வந்தால் உடனே அதைக் கவிழ்த்து, அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறோம். அந்த எழுத்தே ஊரையும் பேரையும் சொல்லிவிடும் என்பது நம் எண்ணம். ஆனால் எழுத்தை நம்பலாமா என்பதை ஜாடியின் மற்ற பாகங்களே சொல்ல வேண்டும். இதற்கு மகாராஷ்டிரத்திலேயே நல்ல உதாரணம் உண்டு.

பம்பாயில் 1857ல் தொடங்கிய ஜே.ஜே. ஓவியப் பள்ளியின் ஆசிரியர் ஜார்ஜ் டெர்ரி, 1870களில் அங்கே மண்பாண்டப் பட்டறை ஒன்றை ஏற்படுத்தினார். 'ஒண்டர்லாண்ட்' என்பது அவருடைய பட்டறையின் பெயர். சிந்து மாகாணக் குயவர்களின் மெருகு வேலை அங்கே கையாளப்பட்டது. அதே பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸும் மாணவர்களும் 1872 முதல் 1885 வரை அஜந்தா ஓவியங்களைப் பிரதி எடுத்தனர். அந்த உருவங்கள் ஜாடிகளிலும் இடம்பெற்றன. ஆகவே மெருகை மட்டும் பார்ப்பவர் சிந்து என்பார். படத்தை மட்டும் பார்ப்பவர் அஜந்தா என்பார். சுட்ட சூளையோ பம்பாயில்!

எனவே, ஜாடி எந்த வரிசையில் உருவானதோ அதே வரிசையில் சோதிப்பதே சரியான முறை.

முதலில் மண். அடி வளையத்தில் மெருகு ஏறாத இடத்தைப் பாருங்கள். வெண்மையாக இருந்து, மெல்லிய பாகத்தில் வெளிச்சம் ஊடுருவினால் அது பீங்கான். பம்பாய்ப் பட்டறையை மறந்துவிடலாம். அங்கே செய்தவை சுட்ட மண் ஜாடிகள்.

இரண்டாவது ஓவியம். விரல் நுனியால் தடவுங்கள். கோடுகள் தட்டுப்படாமல் வழவழப்பாக இருந்தால் படம் மெருகின் கீழே உள்ளது. மேடு தட்டினால், பெரும்பாலும் மெருகேற்றிச் சுட்ட பிறகு தீட்டியது.

கடைசியில்தான் எழுத்து. ரயில் தண்டவாளத்தின் பக்கத்தில் ஆலையின் பெயரும் ஆண்டும் புடைத்து நிற்கும். இரும்பு சூடாக உருளையில் செல்லும்போதே பதிந்தவை அவை. அதுபோல ஈர மண்ணில் கீறிய எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். சுட்ட பின் கீறினால் ஓரம் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும். மெருகின் மேல் தீட்டியதைப் பின்னாளில் யாரும் சேர்த்திருக்கலாம்.

சூளைக்கு முன் எழுதியதும் காலத்தைச் சரியாகச் சொல்லும் என்பதில்லை. சீனத்தில் காங்ஷி பேரரசர் காலத்து (1662–1722) ஜாடிகள் சிலவற்றில், அவருக்கு இருநூறு ஆண்டுகள் முந்திய செங்ஹுவா பேரரசரின் பெயர் காணப்படுகிறது. முன்னோர் கலைக்குக் காட்டிய மரியாதை அது. ஜப்பானிய ஜாடியில் ஆங்கிலத்தில் 'நிப்பான்' என்றிருந்தால், அநேகமாக 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டத்தால் வந்த முத்திரை அது. 1921க்குப் பின் 'ஜப்பான்' என்றே போடச் சொன்னார்கள். போலி 'நிப்பான்' முத்திரைகளும் உண்டு என்பதால் மண்ணும் மெருகும் ஒத்துப்போக வேண்டும்.

பம்பாய் ஜாடிகளை நேரில் காண, புணேயிலிருந்து காலை வண்டியில் சென்று தாதரில் மாறி பைகுல்லாவில் இறங்கலாம். டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் அருகில்தான். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு செல்லவும்.

பழைய சாமான் வாங்க வருபவரிடம் ஜாடியைக் கொடுக்கும் முன் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். அடியைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். அழிந்த தடயம் திரும்பாது. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அது யார் மூலம், எந்த ஊரிலிருந்து வீட்டுக்கு வந்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி ஜாடிக்குள்ளேயே போட்டு வையுங்கள். அதை எந்த நிபுணராலும் மண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.